பொய் சொல்லாதவர்

போன மாதம் பழைய ஆய்வுக்கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு கூட்டத்தில் அவருக்குச் சால்வை போர்த்துகிற படம். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். 'இவரைப் போல ஒரு நல்ல மனிதரைப் பார்க்க முடியாது' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் அந்தப் படத்தை முறைத்துக்கொண்டு நின்றேன்.

நல்லவர்தான். அதை நான் மறுக்கவில்லை. அதுதான் என் எரிச்சலே. அவர் ஒரு அயோக்கியராக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டித் தீர்த்து எப்போதோ ஆறியிருப்பேன்.

என் முதல் வேலை அது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, மூளையை ஆராயப் போகிறோம் என்ற பெருமையில் ஏற்காட்டுக்குப் போய் இறங்கினேன். வெளியூரிலிருந்த ஒரு நரம்பியல் ஆய்வுக்கூடம், கரடியூர் போகும் சாலையில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கிளை வைத்திருந்தது. மலையில் உழைக்கிற நடுவயதுக்காரர்களின் மூளை அலைகளை ஆறு மாதம் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவரும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து உட்காருவார்கள். என் பதவி ஆராய்ச்சி உதவியாளர். பெயர்தான் பெரிது. வருகிறவர்களின் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, எலெக்ட்ரோடுகள் பதித்த தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் முனை மழுங்கிய சிரிஞ்சால் ஜெல் விட்டு, கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக இருக்கும் புள்ளிகள் பச்சையாகும் வரை மண்டையைத் தேய்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தாளை வைத்துக்கொண்டு பதினோரு கேள்விகள் கேட்க வேண்டும். போன தடவைக்கு இப்போது தலைவலி எப்படி, தூக்கம் எப்படி, பசி எப்படி. எல்லாம் முடிந்ததும் ஜெல் அப்பிய தலையை வெந்நீர் விட்டு நானே அலசிவிடுவேன். மூளையை நான் பார்த்ததெல்லாம் திரையில் ஓடும் கோடுகளாகத்தான்.

அந்தப் படத்தில் இருந்தவர்தான் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர். ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்ப்பது அவர் பொறுப்பு. சேலத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சார் என்று கூப்பிட்டால் "அண்ணான்னே சொல்லுங்க கண்ணு" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஜீப் டிரைவரிலிருந்து வாசலில் படுத்திருக்கும் நாய் வரைக்கும் அவரிடம் மரியாதை உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். இழுத்துப் போட்டாலும் "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்று கீழே சம்மணம் போட்டுவிடுவார். யார் பெண் எந்தக் கான்வென்ட்டில் எத்தனாவது படிக்கிறாள், யார் வீட்டுப் பசு சினையாக இருக்கிறது, யாருக்கு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரோடு சண்டை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் போன வீட்டில் கையெழுத்து கிடைக்காமல் திரும்பியதை நான் பார்த்ததே இல்லை.

முதல்முறை அவரோடு தலைச்சோலை கிராமத்துக்குப் போனபோது அந்தக் கையெழுத்து எப்படிக் கிடைக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். பேச்செல்லாம் முடிந்து பிஸ்கட் பாக்கெட்டைக் குழந்தை கையில் கொடுத்த பிறகுதான் பையிலிருந்து ஒப்புதல் படிவம் வெளியே வரும். நாலு பக்கம். முதல் மூன்று பக்கங்களையும் பின்னால் மடித்து, கையெழுத்துப் போடுகிற நாலாம் பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்திருப்பார். அந்தப் பக்கத்தின் தலையில்தான் ஆறாவது பத்தி. அதன் மேல் அவருடைய இடதுகைக் கட்டைவிரல் படிந்திருக்கும்.

"ஏனுங்க, முழுசும் படிச்சுக் காட்டட்டுங்களா?" என்று கேட்பார்.

ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார். ஒருமுறைகூட விட்டதில்லை.

"நீங்க சொன்னாப் போதாதுங்களா தம்பி. எங்க போடோணும்?" என்பார்கள்.

"இங்கீங்க."

பேனாவைத் திரும்ப வாங்கி மூடியை டக்கென்று போடுவார். கட்டைவிரல் அதன் பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகரும். அவருக்கே தெரியாமல் அங்கே போய் உட்காருகிற விரல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இன்றைக்கு அப்படி நினைக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை.

அந்த ஆறாவது பத்தி இது: 'இந்த ஆய்வு சிகிச்சை அன்று. இதில் பங்கேற்பதால் தங்களுக்கு நேரடி மருத்துவப் பலன் ஏதும் இராது. தாங்கள் உட்கொண்டு வரும் எந்த மருந்தையும் இவ்வாய்வை முன்னிட்டு நிறுத்தலாகாது.' மூன்றே வாக்கியம். யாருக்கும் புரியக் கூடாது என்றே எழுதியது போன்ற தமிழ். இருந்தாலும் படித்துக் காட்டினால் மலையில் யாருக்கும் புரிந்திருக்கும்.

படிவத்தோடு இன்னொரு காகிதமும் கொடுப்போம். வருவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு. தலைக்குக் குளித்திருக்க வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது. காலையிலிருந்து காபி, டீ கூடாது. வெற்றிலை, புகையிலை கூடாது. முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். நரம்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை. எண்ணெய் இருந்தால் எலெக்ட்ரோடு பிடிக்காது, காபியும் மாத்திரையும் மூளை அலைகளை மாற்றிவிடும், எங்களுக்கு விஷயம் அவ்வளவுதான். நாட்டு மருந்து சாப்பிட்டுப் பழகிய வீடுகளில் அந்தக் காகிதத்தை வேறு மாதிரி படித்தார்கள். எண்ணெய் தொடாதே, காபி குடிக்காதே, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து. இது பத்தியம். பத்தியம் உண்டென்றால் வைத்தியமும் உண்டு. வைத்தியம் அந்தத் தொப்பியில் இருக்கிறது.

யாரும் எதுவும் சொல்லாமலே மலை முழுக்க இது பரவிவிட்டது. காகிதத்தில் இல்லாததையெல்லாம் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். கருவாட்டை விட்டார்கள், கத்தரிக்காயை விட்டார்கள். காபிக் காட்டுக்குள் வேலை செய்கிறவர்கள் காபியே வேண்டாம் என்று வெந்நீர் குடித்தார்கள். மகள் நிச்சயதார்த்தத்தில் கோழிக்கறி சாப்பிடலாமா என்று ஒருவர் நேரே பங்களாவுக்கு வந்து கேட்டார்.

"அது உங்க இஷ்டமுங்க. நாங்க கறி திங்காதீங்கன்னு சொல்றதில்லீங்களே" என்றார் இவர்.

சொன்னது உண்மை. ஆனால் இது வைத்தியமே இல்லை என்று அதற்கு மேல் ஒரு வரி சேர்த்துச் சொல்ல அவர் நாக்கு வளையவில்லை. அந்த மனிதர் கோழிக்கறி சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் சிரித்தேன். அறைக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வந்த புதிதில் எல்லோரும் என்னை டாக்டரம்மா என்றார்கள். "நான் டாக்டர் இல்லீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆசைக்குக் கூப்பிடறாங்க, உடுங்க கண்ணு. நீங்களா டாக்டருன்னு சொன்னீங்க? இல்லைல்ல?"

விட்டுவிட்டேன். வெள்ளைக் கோட்டு வேறு போட்டிருந்தேன். அந்தப் பெயர் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

இவ்வளவு கோபத்தோடு எழுதும்போதும் அந்த மிளகு ரசம் குறுக்கே வந்து நிற்கிறது. மார்கழிப் பனியில் எனக்குக் காய்ச்சல் கண்டு விடுதியில் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். அவர் சேலத்திலிருந்து, தன் வீட்டுக்கார அம்மா வைத்துக் கொடுத்த ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் அதை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் விடுதி என்பதால் உள்ளே வரவில்லை. வெளியே கொட்டுகிற பனியில் குடையோடு நின்று, நான் குடித்து முடித்தேன் என்று வார்டன் வந்து சொன்ன பிறகுதான் போனார். என் அப்பாகூட அப்படி நின்றிருக்க மாட்டார். அந்த மனிதர்தான் இந்த மனிதர்.

லூர்துமேரி அக்காவை அவர்தான் சேர்த்துக்கொண்டு வந்தார். தலைச்சோலையில் ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். முதல்நாளே நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போனார். கண்ணை மூடியிருக்க வேண்டும், ஆனால் தூங்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. "அக்கா, தூங்காதீங்க" என்று தட்டித் தட்டி எழுப்புவேன்.

"இந்த நாக்காலில ஒக்காந்து எந்திரிச்சா மண்டைவலி போன எடந் தெரியலீங்க" என்பார்.

போகாமல் என்ன செய்யும். விடியலில் எழுந்து சோறாக்கி, சரிவில் நாளெல்லாம் நின்று பறித்து, மறுபடி வந்து சோறாக்குகிற உடம்பு. ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத ஒரு அறை, தலையைப் பிடித்துவிட ஒரு ஆள், கடைசியில் வெந்நீர். அந்தத் தொப்பி இல்லாமலே அவருக்குத் தலைவலி போயிருக்கும். நான் தாளில் 'தலைவலி: குறைந்துள்ளது' என்று எழுதிக்கொண்டேன்.

நாலாவது தடவை வந்தபோது, நான் ஜெல் விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னார்.

"எனக்குச் சின்னப் புள்ளையில இருந்தே வலிப்பு உண்டுங்க. மாத்திரை போட்டு ஏழெட்டு வருசமா ஒண்ணுமில்லாம இருந்துச்சு. இங்க சேரோணும்னு அத நிறுத்திப்புட்டேன். ரெண்டு மாசம் ஆச்சுங்க."

என் கை அவர் தலையிலேயே நின்றுவிட்டது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். "அப்படீங்களா" என்றேன். திரையில் ஒரு புள்ளி இன்னும் சிவப்பாக இருந்தது. அதைத் தேய்த்துப் பச்சையாக்கினேன். பதிவை முடித்தேன். தலையை அலசிவிட்டேன். அவர் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜீப் ஏறிப் போன பிறகு ஒருங்கிணைப்பாளரைத் தேடி ஓடினேன்.

அவர் வராந்தாவில் உட்கார்ந்து அடுத்த வாரப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். நான் படபடவென்று சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"மாத்திரைய நிறுத்துங்கன்னு நாம சொன்னமா கண்ணு?"

"இல்லீங்ணா. ஆனா சேரறதுக்காகத்தான் நிறுத்தியிருக்காங்க."

"எங்கிட்ட மாத்திரை சாப்பிடறதில்லீங்கன்னுதான் சொன்னாங்க. அன்னைக்கு அது நெசந்தான். சரி, இப்ப சாப்பிடுங்கன்னு சொல்ல நாம டாக்டருங்களா?"

"இல்லீங்ணா."

"நாம வாயக் குடுத்து எதையாச்சும் சொல்லி, அது தப்பாப் போயிட்டா யாரு பொறுப்பு? பெரியவருக்கு எழுதிடறேன். அவரு சொல்லட்டும்."

பெரியவர் என்றால் ஆய்வின் தலைவர். மாதம் ஒருமுறை வந்து போவார். இவர் சொன்னபடியே அன்று மாலைக்குள் எழுதிவிட்டார். எனக்கும் ஒரு பிரதி வந்தது. பெரியவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். நாலு நாள் கழித்து, "நான் தலைச்சோலைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுங்களாண்ணா?" என்று கேட்டேன். "பதில் வரட்டும் கண்ணு" என்றார். எட்டாவது நாள் மறுபடி கேட்டேன். மறுபடி அதே பதில். ஜீப்பில் ஏறினால் அரைமணி நேரத்தில் அக்கா வீடு.

பன்னிரண்டாவது நாள் காலையில் லூர்துமேரி அக்கா சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து அடுப்பின் மேல் சாய்ந்துவிட்டார். வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து இழுத்துப் போடும் வரை வலது கை நெருப்புக்குள் இருந்தது.

எனக்குச் சேதி தெரிந்து சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு, ஸ்பூனால் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பி மட்டும் இல்லைன்னா நாங்க என்னங்க ஆயிருப்போம்" என்றார். எனக்கு அந்த வார்டிலேயே கத்த வேண்டும் போலிருந்தது. அவர் மூன்று நாள் அங்கேயே கிடந்தார். மருந்து வாங்க ஓடினார், டாக்டரிடம் கேட்டுக் கேட்டுப் பேசினார். நடிப்பு இல்லை, சத்தியமாக நடிப்பு இல்லை. அவர் கண் சிவந்திருந்தது.

நாலாம் நாள் பங்களாவுக்கு வந்து, பட்டியலை எடுத்து, லூர்துமேரி என்ற பெயருக்கு நேரே 'பங்கேற்பாளர் தாமாக விலகிக்கொண்டார்' என்று எழுதினார். அதே அழகான கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"பொய் எழுதறீங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "எது கண்ணு? இனிமே வரலீங்கன்னு அவங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. நாம நிறுத்தலையே."

"ஆரம்பத்துல இருந்தே எல்லாம் பொய். அவங்க வைத்தியம்னு நெனச்சுட்டு வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம்?"

"வைத்தியம்னு நான் சொன்னனா? ஒரு ஊட்டுல, ஒரு வார்த்தை. நீங்க கூடவேதான இருந்தீங்க. சொல்லுங்க கண்ணு, எந்த வார்த்தை பொய்யி?"

யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கோபத்திலும் நின்று யோசித்தேன். தலைச்சோலை, மஞ்சக்குட்டை, கரடியூர், போன வீடெல்லாம் மனசுக்குள் ஒருமுறை போய் வந்தேன். ஒரு வார்த்தை அகப்படவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு, கெஞ்சுகிற மாதிரி ஒரு குரலில் சொன்னார்.

"மொத மாசம் நான் முழுசும் படிச்சேனுங்க கண்ணு. கரடியூர்ல. எட்டுப் பேரு ஒக்காந்திருந்தாங்க. ஆறாவது பத்தி முடிஞ்சதும் எட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஆளே சேக்க முடியலைன்னா உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு பெரியவரு கேட்டாரு. அப்புறந்தான் படிக்கட்டுமான்னு கேக்க ஆரம்பிச்சேன். கேக்கறதும் சட்டப்படி சரிதானுங்களே."

"அவங்க கை வெந்து போச்சு அண்ணா."

"தெரியும் கண்ணு. நாந்தான கட்டுப் பிரிக்கையில பக்கத்துல இருந்தேன். சத்தம் போடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க, ஒடம்புக்கு ஆகாது."

திட்டுகிறவளின் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதரை என்ன செய்வது. மேசையில் இருந்த ஜெல் டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது உடைந்து வழிந்தது. அவரே துணி கொண்டுவந்து துடைத்தார்.

பெரியவருக்கு நான் தனியாக எழுதினேன். படிவங்கள் எல்லாம் முறையாகக் கையெழுத்தாகியிருக்கின்றன, நடந்தது வருத்தத்துக்குரியது, இனி மாத்திரை பற்றிய கேள்வியை இன்னும் கவனமாகக் கேட்கவும் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மஞ்சக்குட்டையில் ஆள் சேர்ப்பு. சர்ச் கூடத்தில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வழக்கம்போலக் கீழே உட்கார்ந்து, விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்து, படிவத்தை எடுத்து, "முழுசும் படிச்சுக் காட்டட்டுங்களா?" என்றார். "வேண்டாங்க தம்பி" என்று ஒரு பெண் சொல்வதற்குள் நான் அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். எழுந்து நின்று ஆறாவது பத்தியைப் படித்தேன். படித்துவிட்டு, பேச்சுத் தமிழில் திரும்பவும் சொன்னேன்.

"இது வைத்தியம் இல்லீங்க. இதுல உங்களுக்கு ஒண்ணும் குணமாகாது. எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. தலைச்சோலையில ஒரு அக்கா நிறுத்தித்தான் அடுப்புல விழுந்தாங்க."

எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கண்ணு சொல்றது அத்தனையும் சரிதானுங்க" என்றார்.

அவ்வளவு சாதுவாகச் சொன்னார். பஸ்ஸில் ஒட்டியிருக்கிற அறிவிப்பை யாரோ வாய்விட்டுப் படித்த மாதிரி ஆகிவிட்டது என் பேச்சு. இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். பேனா மூடி ஐந்து முறை டக்கென்றது. திரும்பி வரும்போது ஜீப்பில், "பாத்தீங்களா கண்ணு, படிச்சாலும் போடத்தான் போடறாங்க" என்றார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். மறுநாள் நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாத நோட்டீஸ் காலம் முடிந்து ஊரை விட்டுக் கிளம்பும் முன்னால் தலைச்சோலைக்குப் போனேன். போக வேண்டிய நாளில் போகாமல், இரண்டு மாதம் கழித்துப் போனேன். லூர்துமேரி அக்கா வாசலில் உட்கார்ந்து, இடது கையால் அவரைக்காயில் நார் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். வலது கையில் கடைசி மூன்று விரல்களும் ஒட்டிப்போயிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தனியாக இருந்தன. காபிப் பழம் பறிக்க இரண்டு கையும் ஓட வேண்டும். எஸ்டேட்டில் இவரைக் காபிக்கொட்டை காயவைக்கும் களத்தைக் கூட்டப் போட்டிருந்தார்கள்.

நான் கீழே உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த படிவத்தைப் பிரித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அது வைத்தியமில்லீங்களா?"

"இல்லீங்க்கா."

"பத்தியமும் இல்லையா?"

"இல்லீங்க்கா. எண்ணெய் இருந்தா அந்தத் தொப்பி பிடிக்காது. அதுக்காகச் சொல்றது."

"காபித் தோட்டத்துல நின்னுக்கிட்டு ஒரு வாய் காபி குடிக்கலீங்க நான்" என்றார்.

"அவரு உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். மறைச்சுட்டாரு" என்றேன். அக்காவும் என்னோடு சேர்ந்து அந்த மனிதரை ஒரு வார்த்தை திட்டிவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அவர எதுக்குங்க சொல்றது. படிக்கட்டுமான்னு கேட்டாரு, நாந்தான் வேண்டாம்னேன். மாத்திரைய நிறுத்தினதும் நானாத்தான். ஆனா நிறுத்திட்டு எனக்கு நொம்பப் பயமுங்க. கர்த்தரே, சரியோ தப்போ தெரியலியேன்னு ராவெல்லாம் யோசனை. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக் கேட்டு எழுதுவீங்க, போன தடவைக்கு இப்ப எப்படி இருக்குதுன்னு. அப்படி யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல. சரி, டாக்டரம்மா காதுல போட்டுருவம்னுதான் அன்னைக்குச் சொன்னேன்."

இடது கையில் இருந்த காயைக் கூடையில் போட்டார்.

"சொன்னதும் உங்க கை எந்தலையில அப்படியே நின்னுருச்சு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சுங்க. அப்புறம் திருப்பித் தேச்சுவுட்டீங்க. வெந்நி ஊத்திக் கழுவிவுட்டீங்க. தப்பா இருந்தா சொல்லியிருப்பீங்களேன்னு நிம்மதியா வந்துட்டேனுங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் அவர் கையைப் பார்க்க முடியாமல் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பச் சொல்லுங்க, ஆஸ்பத்திரில மறுபடி மாத்திரை குடுத்திருக்காங்க. சாப்பிடறதுங்களா?"

"சாப்பிடுங்க அக்கா. ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. யாரு எதுக்காகக் கேட்டாலும் நிறுத்தாதீங்க."

"சரிங்க சாமி."

அவ்வளவுதான். அதைச் சொல்ல நான் டாக்டராக இருக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவரின் பதில் வேண்டியிருக்கவில்லை. தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டே சொல்லி முடித்திருக்கலாம். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற கோபம் அன்றைக்கும் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் அந்த வாட்ஸ்அப் படத்தின் கீழே எதையாவது எழுதலாம் என்று ஃபோனை எடுக்கும்போதெல்லாம், எந்த வார்த்தை பொய்யி கண்ணு என்று அவர் கேட்பது காதில் விழுகிறது. லூர்துமேரி அக்காவிடம் நானும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.